வாயைத் திறக்கக் கூடாத கடை

அண்ணாத்தே,

மானத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பட்டாபிராம் ஸ்டேஷனில் ஆவடிக்கு டிக்கெட் எடுக்க நின்றேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்ததும், வாயைத் திறக்காமல் ஒரு விரலைக் காட்டினேன், ஆவடிப் பக்கம் கையை நீட்டினேன், போய்த் திரும்ப என்று விரலை ஒரு சுற்றுச் சுற்றினேன். எல்லாம் உன் கடைப் பழக்கம். பின்னால் நின்ற ஓர் அம்மா, "பாவம், வாய் பேச வராது போல" என்றாள். அப்போதே "அதெல்லாம் நல்லாவே வரும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. ஏறினதும் அந்த அம்மா கூட்டத்தில் ஒருவனை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எப்படிப் பேசுவது? பையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. அவள் என் பையைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆவடி வரை மூச்சுவிடவில்லை. வாயை மூடச் சொன்னால் கொட்டாவி விட்டாவது திறப்பவள் என்று என்னைச் சொல்வாயே, அந்த நான்.

போனது உன் மைக்குக்குப் பஞ்சு வாங்க. வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, கறுப்பாக, கொட்டைப் பாக்கு அளவுக்கு, அது. பஞ்சு மட்டும் தனியாக விற்பதில்லை, புது ஹெட்செட்டே வாங்கிக்கொள் என்றான் கடைக்காரன். வெறும் கையோடு திரும்பி வந்து, பழையதையே தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாறுகிறது, அண்ணாத்தே. பழைய எச்சில், நீ தடவிக்கொண்ட தைலம், என் அடுப்பின் எண்ணெய்ப் புகை மூன்றும் சேர்ந்த நாற்றம். ஷாம்பூ போட்டு ஊற வைத்தேன். இப்போது நாற்றத்துக்கு மேல் மல்லிகை வாசனையும் வருகிறது. முன்னே இருந்ததே தேவலை.

நான் பேசப் பேச இந்த மிஷின் எழுதிக்கொண்டே போகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் உனக்குக் கடிதம் எழுதுகிறாள் என்றால் இப்படித்தான் முடியும். காலை டிபன் முடிந்து, பாத்திரம் கழுவி, உன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பேசுகிறேன். சாவியை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். "நீயே பாத்துக்க. எனக்கு அந்த மிஷினப் பாத்தாலே கொமட்டுது" என்றார். எனக்கும்தான் குமட்டுகிறது. ஆனால் எனக்கு வயிறு கொஞ்சம் கெட்டி.

நம் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் இட்லிப் பானை, அந்தப் பக்கம் உன் கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யார் பிறந்தாலும் செத்தாலும் உன் பக்கம் வந்துவிட்டு என் பக்கம் சாப்பிட்டுப் போவார்கள். முதலில் உன் வலது கைக் கட்டைவிரல் செத்தது. நீ சிரித்தாய். அப்புறம் இரண்டு கையும் துவைத்த துணி மாதிரித் தொங்கிவிட்டது. நரம்பு வியாதி, மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடையை மூடிவிடுவாய் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தச் சேவைச் சங்கம் வந்தது, சால்வையோடும் ஃபிளெக்ஸோடும் இந்த ஹெட்செட்டோடும்.

மிஷினைப் பழித்துப் பயனில்லை. அது நல்ல மிஷின். "ஷோ நம்பர்ஸ்" என்றால் திரை முழுக்க அம்மை போட்டது மாதிரி எண்கள் முளைக்கும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டுமோ அதன் மேல் இருக்கும் எண்ணைச் சொன்னால் போதும், அழுத்திவிடும். தமிழில் எழுத வேண்டுமென்றால் இன்னொரு பக்கத்தைத் திறந்து நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். பத்து நாளில் நீ பழைய வேகத்துக்கு வந்துவிட்டாய். நாற்காலியில் சாய்ந்தபடி "கிளிக் நைன்டீன்" என்று நீ சொல்ல, திரையில் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்ணின் பத்திரிகைக்குப் பூ பார்டர் விழுந்தது. நான் மிஷினிடம் பேசிப் பார்த்தபோது கூடவே ஒரு "ப்ளீஸ்" போட்டேன். "மிஷினாண்ட கெஞ்சாத. அதுக்கு மரியாத வாணா, வார்த்த சுத்தமா இருந்தா போதும்" என்றாய்.

ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. யார் பேசினாலும் அது எழுதும். நம் ஊரில் ஒரு பத்திரிகை அடிக்கப் பத்துப் பேர் வருவார்கள், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்வார்கள். நீ கோவில்பதாகை ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாய். பெண்ணின் மாமா உன் முதுகுக்குப் பின்னால் நின்று சமையல்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் பார்த்தால், "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த லெக் பீஸ் தனியா எடுத்து வையி" என்று அச்சுக்குத் தயாராக நிற்கிறது. நீ சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாய். நான் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தேன். தூக்கும்போதும் சிரித்தாய், என் தோளெல்லாம் எச்சில்.

அன்றைக்கே என்னை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடச் சொன்னாய். "உள்ளே வாயத் தொறக்காதே." எழுத்துப்பிழை கிடக்கட்டும், சேதி போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் உன் கடை மாதிரி ஒரு கடை ஆவடி பக்கத்திலேயே கிடையாது. கை இல்லாதவன் பேசிக்கொண்டிருப்பான், கை இருக்கிறவர்கள் எல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு கையால் பேசுவார்கள். அப்பா செத்த அண்ணன் தம்பி இரண்டு பேர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தது ஞாபகம் இருக்கிறதா? யார் படம் பெரிதாக வர வேண்டும் என்று சண்டை. பெரியவன் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறான், இவ்வளவு. சின்னவன் இரண்டு கையையும் விரிக்கிறான். பெரியவன் மீசையைத் தடவிக் காட்டுகிறான், நான்தான் மூத்தவன் என்று. சின்னவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறான், செலவு என்னுடையது என்று. பெரியவன் அவன் கழுத்தைப் பிடித்துவிட்டான், அப்போதும் சத்தமில்லை. மின்விசிறிச் சத்தமும், "ஆறாத் துயரில் வாடும்" என்று நீ இழுத்துச் சொன்னதும்தான் கேட்டது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். கடைசியில் இரண்டு படத்தையும் சரிசமமாக வைத்து, செத்த மனுஷனை மூலையில் ஒரு தபால்தலை அளவுக்குப் போட்டாய். இரண்டு பேருக்கும் திருப்தி. "பாத்தியா வாயாடி, செத்தவன் மூஞ்சி எவனுக்கும் வாணாம். ஒட்டுறவன் மூஞ்சிக்குத்தான் போஸ்டரு" என்றாய்.

இந்தச் சங்கத் தலைவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாயில் தண்ணீர் ஊறுகிறது. பசியில் ஊறுவது இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. மாதம் தவறாமல் யாராவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். கூடவே போட்டோக்காரர். அட்டையை அவர் மதித்ததே இல்லை. "பேசு நைனா, பேசிக் காட்டு. கையே வைக்காம தொறக்குறாரு பாருங்க சார். இன்னொரு வாட்டி தொற நைனா. மூடு. தொற." நீ திரையில் ஒரே பக்கத்தைத் திறந்து திறந்து மூடினாய். அச்சுக்கு நின்ற வேலை அப்படியே நிற்கும். உன் நாக்கு தடிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் அதிகம் வந்தார். அப்போது பார்க்க இன்னும் பரிதாபமாக இருக்கும் அல்லவா?

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். உன் கடைவாயில் எச்சில் வழிந்தது. தலைவர் பையிலிருந்து காகிதத் துண்டை எடுத்துத் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டோக்காரரைப் பார்த்து, "எடுத்தியா?" என்றார். அவர் எடுக்கவில்லை. "சரி, இன்னொரு வாட்டி தொடைக்கிறேன், ரெடியா இரு." எச்சிலே இல்லாத காய்ந்த வாயை, அண்ணாத்தே, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைக் கலங்கின மாதிரி வைத்துக்கொண்டு, மறுபடி துடைத்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. உன் கண் பாதி மூடியிருந்தது, தலை தொங்கியிருந்தது, உன் தோளில் அவர் கை. அப்புறம் வெளியே போய் கார் கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சின்ன பாட்டிலிலிருந்து கையில் மருந்து ஊற்றி முழங்கை வரை தேய்த்துக்கொண்டார். நான் வடைக்கு மாவு தட்டிக்கொண்டே பார்த்தேன். அந்த மாவைக் கொட்டிவிடலாமா என்று இருந்தது.

உள்ளே வந்தேன். "கொரங்காட்டி கூட ஆட்டம் முடிஞ்சா கொரங்குக்கு ஒரு வாழப்பயம் குடுப்பான்" என்றாய். உன் பேச்சு அப்போதே கஞ்சி மாதிரிக் குழைந்துபோயிருந்தது. எனக்கு மட்டும் புரியும். "நான் வாழக்கா பஜ்ஜி தரேன், ஆடிக் காட்டு" என்றேன். எப்போதும் சிரிப்பவன் நீ, அன்றைக்குச் சிரிக்கவில்லை. வேறொன்று சொன்னாய். அந்த நாட்களில் நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்லி, மிஷின் அதைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம். அந்தப் பழக்க தோஷத்தில் நானும் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டேன். திரையில், யாரோ ஒரு பாப்பாவின் பிறந்த நாள் பேனர் நடுவில், அது எழுதிக்கொண்டது: "நான் செத்தா அந்தப் படத்த செவுத்துல ஏற வுடாத."

அழிக்கச் சொல்லி நீ கண்ணைக் காட்டினாய். "டெலிட் தட்" என்றேன். போய்விட்டது. பாப்பாவுக்குப் பலூன் போட்டோம்.

கடைசி மாதங்களில் உன் வாய் நான்தான். இங்கிலீஷ் எண்கள் எனக்குப் பஸ் ஏறி வந்த படிப்பு, அது உதவியது. நீ "ஃபாட்டீ" என்பது போல எதையோ இழுப்பாய், நான் "கிளிக் ஃபார்ட்டி, ஆவடி போற பஸ்ஸு" என்பேன். நீ முறைப்பாய். ஒரு தடவை அரசு வேலைக்குப் போன பையனுக்கு வாழ்த்து பேனரில், நீ தூங்கின நேரம் பார்த்து, அடியில் "பக்கத்துக் கடை வடை வாழ்க" என்று போட்டுவைத்தேன். விழித்ததும் கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னாய்.

போன ஆடியில் போய்விட்டாய். காரியம்கூட முடியவில்லை, தலைவர் வந்துவிட்டார். போட்டோக்காரரும் வந்தார். தலைவர் கையில் ஒரு பென் டிரைவ்.

"இன்னாம்மா, நீதான் இப்ப கடையப் பாக்குறியாமே. அஞ்சலி போஸ்டரு ஒண்ணு போடணும். இந்தப் படத்த நடுவுல வையி. மேல என் படம், கொஞ்சம் பெருசா."

எந்தப் படம் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"அந்தப் படம் வாணாங்க. அவுரு பேரு போட்டு, ஒரு வெளக்கு வச்சு, நல்லா பண்ணித் தரேன்."

"மூஞ்சி இல்லாத அஞ்சலியா? யாருக்குன்னு ஜனங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க மூஞ்சி கீதே. அதப் பாத்து, யாரோ பாவம் போய்ச் சேந்துட்டாருன்னு நெனச்சுக்குவாங்க."

போட்டோக்காரர் இருமினார். தலைவர் அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இந்த மிஷின் சங்கம் குடுத்தது. ஞாபகம் கீதா?"

"கீதுங்க. நீங்க குடுத்தப்போ கல்பூரம் காட்டுனதே நாந்தான்."

"அப்ப சொன்னதச் செய்."

"நான் செய்ய மாட்டேங்க. நீங்களே செஞ்சுக்கினு போங்க. கைகூட வைக்க வாணாம், பேசினா போதும். வந்தவங்களுக்கெல்லாம் எத்தினி வாட்டி காட்டுனீங்க, உங்களுக்குத் தெரியாததா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். போட்டோக்காரர் எதிரில் பின்வாங்க மனமில்லை போல, உட்கார்ந்துவிட்டார். ஹெட்செட்டை நானே மாட்டிவிட்டேன். பஞ்சு உதட்டில் பட்டதும் மூஞ்சி சுருங்கிப்போனது.

"இன்னா நாத்தம் இது?"

"அவுரு எச்சிங்க. நீங்க தொடச்சீங்களே, அதான்."

எழுந்திருக்கப் பார்த்தார். போட்டோக்காரர் பழக்கத்தில் கேமராவைத் தூக்கிவிட்டார், அதனால் உட்கார்ந்துவிட்டார். "ஓப்பன்" என்றார். ஒன்றும் ஆகவில்லை. "அந்தப் படத்த ஓப்பன் பண்ணுப்பா" என்றார். மிஷினுக்கு அவர் தலைவர் என்று தெரியாது. நான் "ஷோ நம்பர்ஸ் சொல்லுங்க" என்றேன், சொன்னார், எண்கள் முளைத்தன. முளைத்ததும் திகைத்துப்போய் ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். ஒன்று திறந்தது, ஒன்று மூடியது, எங்கேயோ ஒரு பாட்டு ஓடியது. கழுத்து வியர்த்தது. குரலை உயர்த்தினார், மிஷின் அதற்கும் மசியவில்லை. நெற்றி வியர்வை மூக்கு வழியாக இறங்கிப் பஞ்சில் சொட்டியது. நான் முந்தானையை எடுத்து அவர் மூஞ்சியைத் துடைத்தேன். போட்டோக்காரரைப் பார்த்து, "எடுத்தீங்களாண்ணே, இன்னொரு வாட்டி தொடைக்கட்டுமா?" என்றேன்.

ஹெட்செட்டைப் பிடுங்கி மேஜையில் போட்டார். மிஷினை எடுத்துப் போக ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் யாரும் வரவில்லை. அந்த நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு போக யார் வருவார்கள்?

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஊரில் உன் கடை ஒன்றுதானா? இரண்டே நாளில் போஸ்டர் வந்துவிட்டது. ஸ்டேஷன் சுவர், ரேஷன் கடைச் சுவர், என் கடைக்கு எதிர்ச் சுவர். மேலே அவர் சிரிக்கிறார். நடுவில் நீ, தலை தொங்க, வாய் கோண, உன் வாயில் அவர் காகிதம். அடியில், "எங்கள் சங்கத்தால் வாழ்வு பெற்றவர்" என்று. என் வாழ்நாளில் எத்தனையோ அசிங்கத்தைக் கையால் அள்ளியிருக்கிறேன். சாக்கடை அடைத்தால் நான்தான் குச்சி விடுவேன். இதைப் பார்த்து வாந்தி எடுத்தேன், நிஜமாகவே, சுவருக்குப் பக்கத்தில் குனிந்து.

அண்ணி தினமும் அந்த வழியாகத்தான் அம்பத்தூர் கம்பெனிக்கு வண்டி பிடிக்க வேண்டும். அன்று காலை வந்தார். சுவரைப் பார்த்தார். நின்றார். எட்டு மணி வண்டி போய்விட்டது, அடுத்த வண்டியும் போய்விட்டது. அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "இவுருக்கு வாய் இப்பிடியா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கிழித்துப் பார்த்தேன். நல்ல பசை, பாதிதான் வந்தது, உன் தாடை மட்டும் சுவரில் தங்கியது. அது இன்னும் கேவலமாக இருந்தது. அதனால் உள்ளே வந்து இந்த ஹெட்செட்டை மாட்டினேன். உன் படத்தையும் பேரையும் மறைக்கிற அளவுக்கு ஒரு தாள் வேண்டும். அதில் என்ன எழுதுவது? கண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்பில் அன்றைக்கு வடகறி கொதித்துக்கொண்டிருந்தது. "இன்று வடகறி" என்றேன். மிஷின் எழுதிக்கொண்டது. எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டிய மட்டும் அச்சடித்து, மைதா பசையை வாளியில் கரைத்து எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சுவர் சுவராகப் போனேன். போஸ்டருக்கு ஒரு தாள். உன்னை மூடினேன். அவரை விட்டுவிட்டேன், அவர் மூஞ்சியை நான் ஏன் மூட வேண்டும்? மறுநாள் அண்ணி எட்டு மணி வண்டியைப் பிடித்தார்.

நீ சொன்னதில் பாதியைத்தான் காப்பாற்றினேன். இரண்டு நாள் ஊர் பார்த்துவிட்டது. அது எனக்கு ஆறாது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு காது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் காலையில் கடைக்கு வருகிறார். வீட்டில்கூட அவர் பேச்சு யாருக்கும் புரிவதில்லையாம், மருமகள் கூட நின்று எல்லாவற்றையும் அவருக்காகத் தானே சொல்லிவிடுகிறாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் வாயைக் கோணிக்கொண்டு எதையோ சொன்னார். "தேங்கா சட்னி வாணாம், கார சட்னி, அதானே?" என்றேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவர் வாயில் எச்சில் வழிந்தது. நான் துடைக்கவில்லை. தாளைக் கையில் கொடுத்தேன், அவரே துடைத்துக்கொண்டார்.

நேற்று தலைவர் என் அடுப்படிக்கு வந்தார். போஸ்டரின் அடியில் "தொடர்புக்கு" என்று தன் செல் நம்பரைப் போட்டிருக்கிறார், நான் ஒட்டிய தாள் அதை மறைக்கவில்லை. மேலே அவர் சிரிக்கிறார், நடுவில் இன்று வடகறி, கீழே அவர் நம்பர். வடகறி கேட்டு ஓயாமல் போன் வருகிறதாம். மிலிட்டரி சைடிங் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒருவர் நாலு பார்சல் கேட்டாராம். இட்லியோடா தோசையோடா என்று கேட்டேன். அதை விசாரிக்கவில்லை என்றார். அடுத்த தடவை விசாரித்து வையுங்கள் என்றேன். இட்லி என்றே வைத்து நாலு பார்சல் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான், பார்சல் கேட்டவரின் விலாசத்தையும் தலைவர் வாங்கவில்லை என்று தெரிந்தது.